பிக்கப் வண்டியின் முன்பக்கம் ஆடுகிறதா? பாகம் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

"ஸ்டியரிங் ஆடுதுண்ணே" என்று பட்டறையில் போய் நின்றால், பெரும்பாலும் வருகிற முதல் பதில் "அலைன்மென்ட் போட்டுப் பாத்துடலாம்" என்பதுதான். போட்டுவிட்டு வெளியே வருவீர்கள். ஆட்டம் அப்படியே இருக்கும். அடுத்து டை ராட் எண்ட் (ஸ்டியரிங் கம்பி சக்கரத்தோடு சேரும் முனை) மாறும், அப்புறம் ஷாக் அப்சார்பர் மாறும். கடைசியில் பார்த்தால் ரிம்முக்குள் ஒரு கை சேறு காய்ந்து ஒட்டியிருக்கும்.

அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் எந்தக் கோணத்தில், எந்தத் திசையைப் பார்த்து நிற்கின்றன என்பது. அது தவறினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். ஆட்டம் வேறு சமாச்சாரம். சுற்றுகிற ஏதோ ஒன்று வட்டமாக இல்லை, அல்லது அதன் எடை ஒரு பக்கம் கூடிவிட்டது, அல்லது இறுக்கமாக இருக்க வேண்டிய ஒன்று தளர்ந்துவிட்டது. இந்த மூன்றில் எது என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதைப் பிரிக்க ஒரு ஜாக்கி, இரண்டு ஸ்டாண்ட், கூட ஓர் ஆள், அரை நாள் பொழுது போதும்.

தொடங்கும் முன் வண்டிக்கு அடியில் ஒரு தடவை குனிந்து பாருங்கள். இரண்டு முன் சக்கரங்களையும் சேர்த்து ஒரே இரும்பு உத்தரம் ஓடி, அதில் பட்டை ஸ்பிரிங் கட்டியிருந்தால் அது பீம் ஆக்ஸில். ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனியாக மேலே ஓர் ஆர்ம், கீழே ஓர் ஆர்ம் இருந்தால் இன்டிபென்டென்ட் சஸ்பென்ஷன். ஐசுசு டி-மேக்ஸ், டொயோட்டா ஹைலக்ஸ் எல்லாம் இந்த வகை. சக்கரம் இடமும் வலமும் திரும்புவதற்கு அச்சாக பீம் ஆக்ஸிலில் இருப்பது கிங் பின், இன்டிபென்டென்ட் வண்டியில் இருப்பது பால் ஜாயின்ட். எதைப் பார்ப்பது என்பது இதைப் பொறுத்தது.

முதலில் ஓட்டிப் பாருங்கள், கை வைக்காதீர்கள்

லோடு இறக்கிவிட்டு, டயர் காற்றைச் சரிபார்த்துவிட்டு, நேரான நல்ல ரோட்டில் ஓட்டுங்கள். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து எந்த வேகத்தில் என்ன நடக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். ஓட்டுகிறவர் எழுதவும் வேண்டாம், போனில் பதியவும் வேண்டாம்.

கவனிக்க வேண்டிய முதல் விஷயம், ஆட்டம் கையில் தெரிகிறதா, இடுப்பில் தெரிகிறதா என்பது. ஸ்டியரிங் வீல் இடமும் வலமுமாக நடுங்கினால் கோளாறு முன்பக்கம். ஸ்டியரிங் அமைதியாக இருந்து சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின் சக்கரம் அல்லது புரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு). முன்பக்கக் கோளாறு என்று நினைத்து வருகிற வண்டிகளில் சில இந்த இடத்திலேயே வேறு பக்கம் திரும்பிவிடும்.

அடுத்தது வேகம். 60-க்கு மேல் மெல்ல ஆரம்பித்து 80, 90-ல் உச்சத்துக்குப் போய், அதற்கு மேல் கொஞ்சம் குறைந்தால் வீல் பேலன்ஸ் (சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருப்பது) மேல் சந்தேகப்படுங்கள். 80-க்கு மேல் போகாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பூட்டிய வண்டிகளில் இந்த 'குறைவதை' நீங்கள் பார்க்கவே முடியாது. கூடிக்கொண்டே போவதாகத்தான் தோன்றும். மாறாக 20, 30 வேகத்திலேயே முன்பக்கம் வாத்து நடப்பதுபோல் இடமும் வலமும் அசைந்தால் அது பேலன்ஸ் அல்ல. டயருக்குள் பெல்ட் (மேல் பட்டைக்கு அடியில் சுற்றியிருக்கும் கம்பி அடுக்கு) விட்டிருக்கும், அல்லது ரிம் வளைந்திருக்கும். அந்த வேகத்தில் எடை வித்தியாசம் கையை அசைக்கும் அளவுக்கு விசை தராது.

ஏன் தராது என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டலாம். 215/75 ஆர் 15 டயரின் விட்டம் ஏறக்குறைய 70 செ.மீ., சுற்றளவு 2.2 மீட்டர். மணிக்கு 80 கி.மீ. என்பது நொடிக்கு 22 மீட்டர். அப்படியானால் சக்கரம் ஒரு நொடியில் பத்து முறை சுற்றுகிறது. ரிம் விளிம்பில் 50 கிராம் ஒரு பக்கம் கூடியிருந்தால், அந்த வேகத்தில் அது ஏறத்தாழ 4 கிலோ எடைக்குச் சமமான விசையோடு சக்கரத்தை இழுக்கும், நொடிக்குப் பத்துத் தடவை. வேகம் பாதியானால் விசை கால்வாசியாகிவிடும். 40-ல் ஒரு கிலோ. பெரும்பாலும் கைக்கே தெரியாது.

இதே கணக்கு இன்னொன்றுக்கும் உதவும். சக்கரம் பத்து முறை சுற்றும்போது புரொப்பெல்லர் ஷாஃப்ட், டிஃபரென்ஷியல் விகிதத்தைப் பொறுத்து, நாற்பது முறை போலச் சுற்றும். எண்ணிவிடலாம் போன்ற தடதடப்பு என்றால் சக்கரம். எண்ணவே முடியாத 'ஜிவ்'வென்ற நடுக்கம், கண்ணாடியில் பிம்பம் மங்குவது, டேஷ்போர்டில் வைத்த நாணயம் ரீங்கரிப்பது என்றால் ஷாஃப்ட் அல்லது இன்ஜின்.

பிறகு மூன்று சின்னச் சோதனைகள். ஆட்டம் வருகிற வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டு நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். சாவியை மட்டும் திருப்பிவிடாதீர்கள். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும், பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டியரிங்கும் செத்துவிடும். நியூட்ரலிலும் ஆட்டம் தொடர்ந்தால் இன்ஜினுக்குச் சம்பந்தமில்லை. ஆக்ஸிலரேட்டர் அழுத்தும்போது மட்டும் வந்தால் இன்ஜின் மவுன்ட், கிராஸ் ஜாயின்ட் (புரொப்பெல்லர் ஷாஃப்ட் முனையில் மடங்கும் இணைப்பு) பக்கம் போங்கள். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் முன் டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயின்ட்டும் சேரும். பிரேக் பிடித்தால் மட்டும் வந்தால் டிஸ்க் அல்லது டிரம். அதற்குக் கீழே வருகிறேன். ரோடு காலியாக இருக்கும் இடத்தில் மெல்ல இடமும் வலமும் வளைத்து ஓட்டி, 'ஊ...ம்' என்ற இரைச்சல் எந்தப் பக்கம் வளைக்கும்போது கூடுகிறது என்றும் கேளுங்கள். வலப்பக்கம் திருப்பும்போது பாரம் இடப்பக்கச் சக்கரத்தில் ஏறும். அப்போது சத்தம் கூடினால் இடப்பக்க வீல் பேரிங்.

காசு செலவில்லாமல் பார்ப்பவை

இந்தக் கட்டத்தை யாரும் மதிப்பதில்லை. என்னைக் கேட்டால், அதிகம் சிக்குவது இங்கேதான்.

ரிம்மின் உள்பக்கத்தைப் பாருங்கள். வயலிலிருந்தோ செங்கல் சூளையிலிருந்தோ கல்குவாரியிலிருந்தோ லோடு ஏற்றும் வண்டியில் மண் உள்ளே அப்பிக் காய்ந்திருக்கும். வெளிப்பக்கம் வாட்டர் சர்வீஸ் செய்து பளபளவென்று இருந்தாலும் உள்ளே கை விட்டுத் தடவினால்தான் தெரியும். மழை பெய்த மறுநாள் திடீரென்று ஆட்டம் வந்தது என்றால் இதைத் தவிர வேறு எதையும் முதலில் யோசிக்காதீர்கள்.

ரிம் விளிம்பில் ஈயக் கட்டி விழுந்த அடையாளம் இருக்கிறதா? சுற்றிலும் அழுக்காக இருக்க, விரல் நீளத்துக்கு மட்டும் ஓர் இடம் சுத்தமாகத் தெரிந்தால் அங்கே இருந்த பேலன்ஸ் கட்டி போய்விட்டது.

டயரின் பக்கச் சுவரில் கையால் தடவி வீக்கம் பாருங்கள். வீங்கியிருந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது. அந்த டயரில் மேற்கொண்டு ஓட்டக் கூடாது. பிறகு மேல் பட்டையில், அதாவது ரோட்டைத் தொடும் பகுதியில், உள்ளங்கையை வைத்துச் சுற்றிலும் தேயுங்கள். மேடும் பள்ளமுமாகக் கிண்ணம் கிண்ணமாய்த் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் வேலை செய்யவில்லை அல்லது பேரிங், ஜாயின்ட்டுகளில் பிளே (தளர்வான அசைவு) இருக்கிறது. ஓர் இடத்தில் மட்டும் மேடு தட்டினால் பெல்ட் விலகியது. பக்கச் சுவரில் இருக்கும் நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள்: 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்த டயர்.

ரீட்ரெட் டயரை (பழைய டயரில் புது ரப்பர் பட்டை ஒட்டியது) முன்னால் போட்டிருந்தால் அதைப் பின்னால் மாற்றுங்கள். பின்னால் அது நன்றாகவே உழைக்கும். முன்னால் ரப்பர் பட்டை கிளம்பினால் ஸ்டியரிங் கையில் நிற்காது.

வீல் நட்டுகளைக் கையால் ஸ்பானர் போட்டுப் பாருங்கள். பஞ்சர் கடையில் கன் வைத்து வரிசையாக முடுக்கியிருந்தால் சக்கரம் ஹப்பில் சாய்ந்து உட்கார்ந்திருக்கலாம். பஞ்சர் பார்த்த அன்றிலிருந்து ஆட்டம் என்றால் இதுதான். சக்கரத்தைக் கழற்றி, ஹப் முகத்திலும் ரிம்மின் நடுவிலும் உள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இறுக்க அளவு வண்டியின் புத்தகத்தில் இருக்கும். நட்டு துளைகள் நீள்வட்டமாக அரைந்திருந்தால் அந்த ரிம் இனி ஆகாது.

ராத்திரி முழுக்க லோடோடு நின்ற வண்டி காலையில் முதல் சில கிலோமீட்டர் தடதடத்துப் பிறகு தானே சரியானால், டயர் தரையில் அழுந்தித் தட்டையானதுதான். அதற்குப் பட்டறை தேவையில்லை.

சக்கரம் மாற்றும் சோதனை

முன் சக்கரம் இரண்டையும் பின்னாலும் பின் சக்கரங்களை முன்னாலும் போட்டு அதே ரோட்டில் அதே வேகத்தில் ஓட்டுங்கள். கையில் இருந்த ஆட்டம் சீட்டுக்குப் போய்விட்டால் குற்றவாளி டயரோ ரிம்மோதான். டை ராட் எண்ட், பால் ஜாயின்ட் எதையும் தொட வேண்டாம். ஆட்டம் கையிலேயே நின்றால் சக்கரங்கள் நிரபராதி. பின்னால் ரீட்ரெட் ஓடினால் அவற்றை முன்னே கொண்டுவராமல், ஸ்டெப்னியை இடப்பக்கம் ஒரு தடவை, வலப்பக்கம் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். அளவு ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சக்கரத்தையும் மாற்றி, காற்றையும் கூட்டி, நட்டையும் இறுக்கிவிட்டு ஆட்டம் போய்விட்டால் எதனால் போனது என்று தெரியாது. திரும்ப வரும்போது மறுபடி முதலிலிருந்து.

சக்கரம்தான் என்று முடிவானால் பேலன்ஸ் கடைக்குப் போங்கள். அங்கே சும்மா நிற்காமல் மூன்று விஷயம் கேளுங்கள். பழைய கட்டிகளை எல்லாம் எடுத்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும். இயந்திரத்தில் சக்கரம் சுற்றும்போது ரிம் விளிம்பையும் டயரையும் கண்ணால் பார்க்க வேண்டும். மேலும் கீழும் ஏறி இறங்கினாலோ இப்படியும் அப்படியும் அசைந்தாலோ, அதுவும் ஒன்றரை மி.மீ.-க்கு மேல் என்றால், கட்டி வைத்து அதைச் சரிசெய்ய முடியாது. மூன்றாவது, பூஜ்யம் காட்டிய பிறகு சக்கரத்தைத் தளர்த்தி, அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி இறுக்கிச் சுற்றச் சொல்லுங்கள். இப்போதும் பூஜ்யம் வந்தால் வேலை சுத்தம். 20, 30 கிராம் காட்டினால் சக்கரம் அந்த இயந்திரத்தின் கோனில் மையமாக உட்காரவில்லை. முதலில் வந்த பூஜ்யமும் பொய். கடைக்காரர் முகம் கொஞ்சம் சுளிக்கும். பரவாயில்லை.

ஜாக்கி போட்டுப் பார்ப்பது

சக்கரம் குற்றமில்லை என்றால்தான் இது. சமதரையில் நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். தூக்கியதும் ஸ்டாண்டில் உட்காரவையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலை நீட்டாதீர்கள். செங்கல் அடுக்கி வைப்பதும் வேண்டாம், பாரத்தில் நொறுங்கிவிடும்.

இன்டிபென்டென்ட் வண்டியில் ஜாக்கி வைக்கும் இடம் முக்கியம். ஸ்பிரிங்கோ, ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுகும் டார்ஷன் பாரோ கீழ் ஆர்மோடு சேர்ந்திருந்தால் ஜாக்கி அந்தக் கீழ் ஆர்முக்கு அடியில், சக்கரத்துக்குப் பக்கமாக இருக்க வேண்டும். சேஸிஸில் வைத்துத் தூக்கினால் ஸ்பிரிங் ஆர்மைக் கீழே தள்ளி பால் ஜாயின்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். செத்துப்போன ஜாயின்ட்கூட நல்லதுபோல் நிற்கும்.

சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்து 12 மணிக்கும் 6 மணிக்கும் கை வைத்து, மேலே தள்ளிக் கீழே இழுங்கள். 'டக்' என்று அசைந்தால் உடனே எந்த முடிவுக்கும் வராதீர்கள். உதவியாளரை பிரேக் மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். அசைவு நின்றுவிட்டால் பிளே வீல் பேரிங்கில். பிரேக் பிடித்தும் அசைந்தால் பால் ஜாயின்ட், அல்லது பீம் ஆக்ஸிலில் கிங் பின் புஷ். பேரிங் என்றால் பயப்பட வேண்டாம். டேப்பர் ரோலர் வகையில் பல நேரம் கழுவி, புது கிரீஸ் வைத்து, நட்டைச் சரியாக இறுக்கினாலே போதும். ரோலரிலோ அது ஓடும் தடத்திலோ குழியோ நீலம் பாய்ந்த நிறமோ தெரிந்தால் மட்டும் மாற்றுங்கள்.

அடுத்து 9 மணி, 3 மணியில் கை வைத்து ஆட்டுங்கள். 12-6-ல் இல்லாத அசைவு இங்கே இருந்தால் டை ராட் எண்ட், டிராக் லிங்க், ஐட்லர் ஆர்ம் (இரண்டும் ஸ்டியரிங் இணைப்புப் பாகங்கள்), ஸ்டியரிங் பாக்ஸ் என்று வரிசையாகச் சந்தேகம்.

அதில் எது என்று கண்டுபிடிக்க வண்டியை இறக்கிவிடுங்கள். ஆம், இந்தச் சோதனை சக்கரம் தரையில் இருக்கும்போதுதான். இன்ஜின் ஓடட்டும், கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் இழுத்தபடி, கட்டைகள் வைத்தபடியே. உதவியாளர் ஸ்டியரிங்கை இரண்டு அங்குலம் இடமும் வலமும் வேகமாக அசைக்கட்டும். நீங்கள் பக்கவாட்டிலிருந்து, சக்கரத்துக்கு நேரே தலையை நீட்டாமல், ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் விரலை வையுங்கள், பாதி டை ராடில், பாதி சக்கரத்தோடு திரும்பும் நக்கிள் ஆர்மில் படும்படி. இரண்டும் சேர்ந்தே நகர்ந்தால் ஜாயின்ட் நல்லது. ஒன்று நகர்ந்து, ஒரு கணம் கழித்து மற்றது கிளம்பினால் விரலுக்கு அந்த இடைவெளி துல்லியமாகத் தெரியும். ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வழிந்திருப்பது தனி அடையாளம். ஆனால் பூட் முழுசாக இருப்பதாலேயே உள்ளே நல்லது என்று சொல்லிவிட முடியாது. ஸ்டியரிங் பாக்ஸ் சேஸிஸில் பூட்டியிருக்கும் போல்ட்டுகளையும் பாருங்கள். பாக்ஸே அசைந்தால் டை ராட் எண்ட் எத்தனை மாற்றினாலும் பயனில்லை.

பள்ளத்தில் விழுந்ததும் வெறிபிடித்தாற்போல் ஆடினால்

பீம் ஆக்ஸில் வண்டிகளுக்கே உரிய கோளாறு இது. 60, 70-ல் போகும்போது பாலத்தின் ஜாயின்ட்டிலோ குழியிலோ ஒரு சக்கரம் ஏறியதும் ஸ்டியரிங் கையை உதறிக்கொண்டு ஆடும். வேகம் குறைந்தால்தான் நிற்கும். அப்படி ஆனால் ஸ்டியரிங்கை இரு கையாலும் உறுதியாகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரை விட்டு, மெல்ல வேகத்தைக் குறையுங்கள். பிரேக்கை ஒரேயடியாக அழுத்தாதீர்கள்.

இதற்குப் பேலன்ஸ் செய்து அனுப்பினால் கொஞ்ச நாள் வராமல் இருக்கும், பிறகு வரும். பேலன்ஸ் அங்கே தூண்டுகோல் மட்டுமே. மூலம் தளர்வில் இருக்கிறது. கிங் பின், டிராக் லிங்க் முனைகள், பட்டை ஸ்பிரிங்கைச் சேஸிஸோடு சேர்க்கும் ஷேக்கிலின் புஷ், ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட் எல்லாவற்றையும் மேலே சொன்னபடி பாருங்கள். ஸ்டியரிங் டாம்பர் (உதறலை அடக்கும் சின்ன ஷாக்) இருக்கிற வண்டியில் அதை மட்டும் புதிதாக மாற்றுவது நோயை மூடி வைப்பது.

இன்னொன்று காஸ்டர் கோணம், அதாவது கிங் பின் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு. லோடு தாங்கட்டும் என்று பின்னால் கூடுதல் பட்டை போடுவது நம் ஊரில் சர்வ சாதாரணம். பின்பக்கம் உயர்ந்தால் வண்டி மூக்கைக் கவிழ்த்துக்கொள்ளும், காஸ்டர் குறையும், காலி வண்டியில் ஸ்டியரிங் நேராக நிற்காமல் அலையும். ஓவர்லோடில் பின்பக்கம் அமுங்கினால் நேர் எதிர்: காஸ்டர் கூடி, உதறல் எளிதில் கிளம்பும். ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய் ஏற்றிப் போகும்போது ஒரு மாதிரி, திரும்பும்போது வேறு மாதிரி என்றால் காரணம் இங்கே இருக்கலாம். ஸ்பிரிங் வேலை பார்த்த பிறகு கோளாறு வந்திருந்தால், ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே இருக்கும் ஆப்புத் தகடு திருப்பி வைக்கப்பட்டதா என்று முதலில் பாருங்கள்.

பிரேக் பிடித்தால் மட்டும் என்றால்

"டிஸ்க் வளைஞ்சிடுச்சு" என்பார்கள். பெரும்பாலும் வளைவதில்லை, கனம் சீர் கெடுகிறது. ஒரு மி.மீ.-யில் நூற்றில் இரண்டு மூன்று பங்கு வித்தியாசமே காலுக்கும் கைக்கும் தெரிந்துவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கிலேயே இறங்கி, கீழே வந்ததும் காலை எடுக்காமல் நின்றால் சூடான பேட் ஒரே இடத்தில் ஒட்டித் தடம் பதிக்கும். நட்டுகளைக் கோணலாக முடுக்கினாலும் டிஸ்க் கொஞ்சம் சாய்ந்து சுற்றி, நாளடைவில் ஓர் இடம் மட்டும் தேயும். கனம் போதுமான அளவு மிச்சமிருந்தால் லேத்தில் கொடுத்துச் சீராக்கலாம். குறைந்தபட்சக் கனம் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். பேடை டிஸ்க்கில் அழுத்தும் கேலிப்பரின் பின்கள் கையால் தள்ளினால் நகர்கின்றனவா என்று பார்க்காமல் புது டிஸ்க் போடாதீர்கள். ஸ்டியரிங் ஆடாமல் மிதியும் சீட்டும் மட்டும் துடித்தால் பின் டிரம்.

கோளாறு ஷாஃப்ட்டில் என்றால்

இது முன்பக்கம் இல்லை என்பதால் சுருக்கமாக. புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் சாக்குக் கயிறோ பிளாஸ்டிக்கோ சுற்றியிருக்கிறதா, கிராஸில் பிளே இருக்கிறதா, சென்டர் பேரிங் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். கிளட்ச் வேலைக்காக ஷாஃப்ட்டைக் கழற்றி மாட்டிய பின் நடுக்கம் வந்திருந்தால் ஸ்ப்ளைனில் (பல் போட்ட இணைப்பில்) தப்பாகச் சேர்த்திருக்கலாம்: ஒரே ஷாஃப்ட்டின் இரு முனையிலும் கிராஸைப் பிடிக்கும் யோக்குகள் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். கழற்றும் முன் பெயின்டால் ஒரு கோடு போட்டு வைத்தால் இந்த வேலையே வராது.

டை ராட் எண்ட், பால் ஜாயின்ட், கிங் பின், ஸ்பிரிங் புஷ் இவற்றில் எதை மாற்றினாலும் அதற்கு அப்புறம்தான் அலைன்மென்ட். தளர்ந்த ஜாயின்ட்டோடு போடும் அலைன்மென்ட் கடை வாசலைத் தாண்டுவதற்குள் மாறிவிடும். சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு நட்டுகளை ஒரு தடவை திரும்ப இறுக்குங்கள்.

டயர் வீக்கம், 12-6-ல் 'டக்'கென்று அடிக்கும் பால் ஜாயின்ட், அசையும் ஸ்டியரிங் பாக்ஸ், உடைந்த வீல் ஸ்டட் ஆகிய நான்கில் ஏதாவது கண்ணில் பட்டால் "இந்த ஒரு ட்ரிப் மட்டும்" என்று கிளம்பாதீர்கள். டயர் வீக்கமோ உடைந்த ஸ்டட்டோ என்றால் ஸ்டெப்னியோ புது ஸ்டட்டோ போட்டுவிட்டு நகர்த்தலாம். மற்ற இரண்டுக்கும் மெக்கானிக்கை வண்டி நிற்கும் இடத்துக்கு வரவழையுங்கள், இல்லையென்றால் வேறு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.